பருவமும் விலையும்

“படிப்பை முடித்துவிட்டுப் பிழைப்பைத் தேடு” என்பது எமது சமூகம் தன் இளைஞருக்கு ஓயாது சொல்லிவரும் அறிவுரை. அறிவுரை நல்லதே. ஆயின், படிப்பு முடியுமுன்னரே பிழைப்பைத் தேடியாக வேண்டிய நிலையிலே தன் பிள்ளைகளுட் பெரும்பாலோரை வைத்திருப்பதும் அதே சமூகந்தான். இந்த முரண்பாடு வாழ்வின் பல துறைகளிலும் உண்டு. எனினும் விளையாட்டுத் துறையிலே அது மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது. விளையாட்டு வீரனின் மூலதனம் அவனுடைய உடல். அது 17, 18 வயதிலே விலை பெறத் தொடங்குகின்றது. 30 வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளில் விலை இழக்கின்றது. கல்விக்கென்று வகுக்கப்பட்ட பருவமும், உடல் விலை பெறத் தொடங்கும் பருவமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது: கல்வியை இடையிலே விட்டு, தன் ஆற்றலுக்குக் கிடைக்கும் கூலியை அன்றே ஏற்றுக்கொள்ளும் இளைஞன் செய்வது சரியா, தவறா?

அமெரிக்காவிலே, கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் நட்சத்திர வீரர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கு முந்திச் செல்வதா, பொறுத்திருந்து செல்வதா என்பது ஆண்டுதோறும் நாடு முழுவதும் பேசப்படும் விவகாரம். மன்னார்த் தீவிலும் அதன் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் கூடைப்பந்தாட்டத்துக்கு அத்தகைய இடம் இல்லை. இங்கே மக்களின் விளையாட்டு உதைபந்தாட்டம். பேசாலையிலும் பள்ளிமுனையிலும் பனங்கட்டிக்கொட்டிலும், அப்பாலே வங்காலையிலும் விடத்தல்தீவிலும், கடற்கரை மணலிலே பந்தை உருட்டக் கற்றுக்கொள்ளும் சிறுவரை மாலைதோறும் காணலாம். அவர்களுட் சிலர் பாடசாலை அணிக்கு வருகின்றனர். மிகச் சிலர் வெளியூர்க் கழகங்களின் கண்ணிலே படுகின்றனர். அமெரிக்க இளைஞனின் முன்னால் இலட்சக்கணக்கான டொலர் வைக்கப்படுகின்றது. எமது மாணவனின் முன்னால் மாதச் சம்பளமும் தங்குமிடமும் வைக்கப்படுகின்றன. தொகை வேறு; கேள்வி ஒன்றே.

இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. ஒரு சாரார், இளைஞனைப் பேராசைக்காரன் என்பர். பொறுமை இல்லாதவன், கைக்கெட்டிய கல்வியை எட்டி உதைத்தவன் என்று அவனை இகழ்வர். மறு சாரார், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பர். நாளை முழங்காலிலே ஒரு காயம் பட்டால் கழகமும் வராது, காசும் வராது என்று அவனைத் துரிதப்படுத்துவர். இரு சாராரும் எதிரெதிராக நிற்பது போலத் தோன்றினும், ஓர் இடத்திலே இணைந்துவிடுகின்றனர். இரு சாராருமே இதனை ஒரு தனி மனிதனின் குணம் பற்றிய கேள்வியாகக் கொள்கின்றனர். பொறுமை, ஆசை, துணிவு, விவேகம் என்ற சொற்களே அவர்கள் பேச்சிலே அடிபடுகின்றன. அந்தத் தெரிவு எத்தகைய சூழலிலே செய்யப்படுகின்றது, அதனால் யார் யார் பயன் பெறுகின்றனர் என்பன கேட்கப்படுவதில்லை. நாம் கேட்க விரும்புவது அவற்றையே.

மன்னார்க் கரைக்கு இக்கேள்வி புதிதன்று. எப்போது எடுப்பது என்பதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கிலே சிந்தித்த கரை இது. அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள கடலடிப் பார்களிலே முத்துச் சிப்பி முற்றுவதற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். முந்தி எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும், விலைபோகாது. பிந்தினால் சிப்பி இறந்து, முத்து மணலோடு மணலாகும். ஆதலால் ஆங்கில ஆட்சிக் காலத்து அதிகாரிகள் முதலிலே மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களைப் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமதி என்று மதிப்பிட்ட பின்னரே சலாபத்தை அறிவித்தனர். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்திலே அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. மூச்சை அடக்கிக் கடலின் அடிக்குச் சென்றவர்களுக்குச் சிப்பியிலே மூன்றில் ஒரு பங்கு. கரையிலே காத்திருந்த அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. 1906 இல் அந்தப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டன. 1907 இன் பின்னர்ப் பார்கள் கைவிட்டன. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: பருவம், மதிப்பு, பங்கு. இளம் வீரனைப் பற்றிப் பேசுவோர் யாவரும் பருவத்தைப் பற்றியே பேசுகின்றனர். முற்றிவிட்டானா, முற்றவில்லையா என்பதே அவர்கள் வாதம். ஆனால் முற்றியதா இல்லையா என்று மதிப்பிட்டவர் யார்? எடுத்ததிலே பங்கு யாருக்கு எவ்வளவு? பருவம் பற்றிய தீர்ப்பு, பெரும் பங்கைப் பெறுபவரின் கையிலேயே எப்போதும் இருந்திருக்கின்றது. “பொறுத்திரு” என்றவரும் அவரே. “இப்போது குதி” என்றவரும் அவரே. சிப்பிக்கு வாயில்லை, அது வாளாவிருந்தது. மனிதனுக்கு வாயுண்டு. அவன் பருவத்தைப் பற்றி அவனையே கேட்க வேண்டும் என்பது எமது முதல் நிலைப்பாடு.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் கதை இதனை நன்கு விளக்கும். மிசிசிப்பி மாநிலத்திலே பருத்தி பறித்துப் பிழைத்த கறுப்பினக் குடும்பமொன்றிலே பிறந்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1968 இல் மெக்சிகோ ஒலிம்பிக்கிலே தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்க அணியின் முதன்மை வீரர் அவர். பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழியாத எவரும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்திலே ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. அந்த நான்கு ஆண்டும் அவர்கள் கல்லூரிக்காக ஆடலாம், சம்பளம் பெறலாகாது. ஹேவுட் அந்த விதியை எதிர்த்து வழக்காடினார். 1971 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் ஆடுவதற்கு வழிவிட்டது.

அதன் பின் நடந்தது சிந்திக்கத்தக்கது. சங்கம் தன் விதியை முற்றாகக் கைவிடவில்லை. குடும்பத்திலே வறுமை உண்டு என்று காட்டுவோர் மட்டும் முந்தி வரலாம் என்று திருத்தியது. ஓர் இளைஞன் தன் உழைப்பை விற்பதற்கு முன்னர்த் தன் தாயின் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது! செல்வன் வீட்டுப் பிள்ளை பாட்டுப் பாடியோ படத்தில் நடித்தோ 17 வயதிலே பொருளீட்டினால் அதனைத் திறமை என்று போற்றும் உலகம், ஏழைக் கறுப்பின இளைஞன் பந்தாடிப் பொருளீட்ட முனைந்ததும் அதற்குச் சான்றிதழ் கேட்டது. 1976 இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 2005 இல் உடன்பட்ட விதியோ, ஒருவர் 19 வயதை எட்டி, பள்ளியை விட்டு ஓராண்டு கழிய வேண்டும் என்றது. கல்லூரியிலே ஓராண்டு மட்டும் ஆடிவிட்டுப் போகும் வழக்கம் இதனாலேயே பெருகியது.

“கல்வி கெட்டுவிடும், பொறுத்திரு” என்று அந்த இளைஞருக்குச் சொன்னவர்கள் யாவர்? கல்லூரிகள், பயிற்றுநர்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள். இளைஞர் கூலியின்றி ஆடிய ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை பெருந்தொகைக்கு விற்கப்பட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலே அரச ஊழியருள் மிக உயர்ந்த சம்பளம் பெறுபவர் ஆளுநரும் அல்லர், நீதிபதியும் அல்லர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பயிற்றுநரே. பொறுமையை உபதேசித்தவர்கள் அந்தப் பொறுமையின் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் நல்லெண்ணத்தோடு பேசியவரும் இருந்திருப்பர். ஆயினும், கேட்பவன் பொறுத்திருப்பதால் சொல்பவனுக்கு ஆதாயம் உண்டாகும்போது, அந்த உபதேசத்தை ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை.

இவ்விடத்திலே அண்மைக் காலத்து உண்மை ஒன்று எமக்குப் பேருதவி செய்கின்றது. 2021 ஜூன் மாதத்திலே, கல்லூரி விளையாட்டுச் சங்கம் மாணவருக்கு வழங்கப்படும் கல்வி சார்ந்த உதவிகளுக்கு வரம்பு கட்டியது சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, மாணவ வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருளீட்டும் உரிமை நடைமுறைக்கு வந்தது. 2025 முதல் கல்லூரிகளே தம் வருமானத்தில் ஒரு பகுதியை வீரருக்கு நேரடியாகப் பகிரும் ஏற்பாடும் தொடங்கியது. விளைவு என்ன? படிப்பை இடையில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் இளைஞரின் தொகை வெகுவாகக் குறைந்தது. பலர் கல்லூரியிலேயே தங்கினர். பல்லாண்டு காலம் பொறுமையின்மை என்றும் பேராசை என்றும் இகழப்பட்ட குணம், பங்கு கிடைத்ததும் பெரும்பாலும் மறைந்துவிட்டது! இளைஞரின் நெஞ்சம் ஓரிரு ஆண்டிலே திருந்திவிடவில்லை. அவர்கள் நின்ற நிலம் மாறியது. ஒழுக்கக் குறைவு என்று நாம் எண்ணியது உண்மையிலே பங்கீட்டின் குறைவு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும், முந்திச் செல்வோர் யாவரும் வெல்கின்றனர் என்று கொள்ளலாகாது. பஞ்சாபிலே பல்லோ கே என்னும் சிற்றூரிலே விவசாயியின் மகனாகப் பிறந்தவர் சத்னாம் சிங். ஏழடிக்கு மேற்பட்ட உயரம். 2010 இல், 14 வயதிலே, புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள விளையாட்டுப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். 2015 இல், 19 வயதிலே, பல்கலைக்கழகத்திலே ஆடாமல் நேரே தொழில்முறைத் தெரிவுக்குத் தம் பெயரைக் கொடுத்தார். டல்லஸ் அணி அவரை 52 ஆவது வீரராகத் தெரிந்தெடுத்தது. இந்தியாவிலே பிறந்த ஒருவர் அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. நாடு முழுவதும் கொண்டாடியது. ஆனால் அந்த மேல்நிலைத் தொடரிலே ஓர் ஆட்டமேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கீழ்நிலைத் தொடரிலே சில காலம் ஆடினார். பின்னர் இந்தியாவிலும் கனடாவிலும் ஆடினார். 2021 இல் தொழில்முறை மல்யுத்த நிறுவனமொன்றிலே ஒப்பந்தமானார்.

சத்னாம் சிங்கின் கதையைக் கேட்டதும், “பார்த்தீரா, பொறுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்று கேட்போர் உளர். இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 2003 இல் பள்ளியிலிருந்து நேரே சென்று முதலாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட லெப்ரோன் ஜேம்ஸ் அந்த ஆட்டத்தின் பெருவீரராகத் திகழ்ந்தார். 1998 இல் அதே வழியிலே பள்ளியிலிருந்து சென்ற கோர்லியோன் யங், மூன்றே ஆட்டங்களோடு அரங்கை விட்டு நீங்கினார். தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காத்து, நான்கு ஆண்டும் படித்துப் பட்டம் பெற்ற டிம் டங்கன் 1997 இல் முதலாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்டுப் பெரும் புகழ் எய்தினார். முந்திச் சென்றும் வென்றார் ஒருவர். முந்திச் சென்று தோற்றார் ஒருவர். பொறுத்திருந்து வென்றார் ஒருவர். பொறுத்திருந்து காயப்பட்டு, பெயரும் தெரியாமற் போனவர் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

பலனைக் கொண்டு முடிவை அளப்பது எளிது. ஆனால் அது நீதியன்று. முடிவெடுக்கும் நாளிலே பலன் யாருக்கும் தெரியாது. வென்றவனைத் தீர்க்கதரிசி என்றும் தோற்றவனை மூடன் என்றும் சொல்வது, சீட்டு விழுந்த பின்னர்ச் சீட்டு வாங்கியவனின் ஒழுக்கத்தை ஆராய்வது போன்றதே. ஒருவன் எடுத்த முடிவின் நேர்மையை ஆராய வேண்டுமாயின், அவன் அந்நாளிலே என்ன அறிந்திருந்தான், வேறு என்ன வழி அவனுக்கு இருந்தது என்பவற்றையே ஆராய வேண்டும். சமூகத்தின் நேர்மையை ஆராய வேண்டுமாயின், தோற்றவனுக்குத் திரும்பி வரும் வழியை அது வைத்திருந்ததா என்று ஆராய வேண்டும். முதற் கேள்வி தனி மனிதனுக்கு உரியது. இரண்டாவது கேள்வி எமக்கெல்லாம் உரியது.

இனி, எமது கரைக்கு வருவோம்.

வடபுலத்து இளைஞன் தன் ஆட்டத்தால் உலக அரங்கை எட்டியதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரிலே, தமது 19 ஆவது பிறந்த நாளுக்கு முந்திய தினத்திலே, லங்கா பிரிமியர் லீக் துடுப்பாட்டத் தொடரிலே யாழ்ப்பாண அணிக்காக அவர் களமிறங்கினார். 2024 இல் இந்தியாவின் ஐ.பி.எல். தொடரிலே ஹைதராபாத் அணிக்காக ஆடினார். மகிழ வேண்டிய செய்தி. ஆனால் துடுப்பாட்டத்துக்குப் பின்னால் பெருஞ் சந்தை ஒன்று இருக்கின்றது. மன்னாரின் விளையாட்டாகிய உதைபந்தாட்டத்துக்கு இலங்கையிலே அத்தகைய சந்தை இல்லை. சந்தை இல்லாதது மாத்திரமன்று, நிருவாகமும் சீராக இல்லை. 2023 ஜனவரியிலே உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது; ஆகஸ்ட் மாதம் வரை நாட்டின் வீரர் சர்வதேச ஆட்டமின்றி இருந்தனர். 20 வயது வீரனுக்கு ஏழு மாதம் என்பது சிறு காலமன்று. மேலிடத்தார் சச்சரவின் விலையைக் கீழிருந்த இளைஞரின் பருவம் செலுத்தியது.

மன்னாரிலே பிறந்து இலங்கைத் தேசிய அணியின் பின்வரிசையிலே ஆடியவர் டக்சன் பியுஸ்லஸ். நாட்டுக்காக ஆடிய அவரும் தொழில்முறை ஆட்டத்துக்காக மாலைதீவுக்குச் சென்றார். 2022 பெப்ரவரியிலே, அந்நாட்டுக் கழகமொன்றிலே ஆடிக்கொண்டிருந்த காலத்திலே, 31 வயதிலே காலமானார். அவரது மறைவைப் பற்றி ஊகம் பேசுவது எமது நோக்கமன்று. அது அவரது குடும்பத்தின் துயரம். நாம் சுட்டுவது ஒன்றே: தேசிய அணியின் சட்டையை அணிந்த வீரனும் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

இத்தகைய நாட்டிலே, மன்னார்க் கரைப் பாடசாலையொன்றிலே உயர்தர வகுப்பிலே கற்கும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். 17 வயது. தந்தை பிறருடைய படகிலே தொழிலுக்குப் போகின்றவர். கடலிலோ, எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின் எண்ணெய் விலையும் வலை விலையும் ஏறிவிட்டன. அவன் முன்னால் மூன்று வழிகள் உண்டு. வகுப்பிலே இருந்து பரீட்சை எழுதலாம். பொலிஸ், முப்படை அணிகளுள் ஒன்றிலோ, கொழும்புக் கழகமொன்றிலோ சேரலாம். 18 வயதானதும் கடல் கடந்த கழகமொன்றையும் தேடலாம். இவை இரண்டும் இல்லையாயின், தந்தையின் படகிலே ஏறலாம். அல்லது சங்குக்கும் கடலட்டைக்கும் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு மூழ்கலாம். விதிமுறையின்றி மூழ்கி எழுவதால் உண்டாகும் அழுத்த நோயினாலே கால் முடங்கிய இளைஞரைக் கடற்கரை ஊர்கள் அறியும். ஆகவே இந்த மாணவனின் தெரிவு, படிப்பா பந்தா என்பதன்று. எந்த வழியிலே உடலை விற்பது, எவ்வளவு காலத்துக்கு விற்பது என்பதே.

படை அணிகள் தரும் வேலையிலே நிலையான சம்பளம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. அந்த நிலைபேற்றை இகழ எமக்கு உரிமையில்லை. எனினும், 2007 இல் இடம்பெயர்ந்த முள்ளிக்குளம் மக்களின் ஊர் நிலத்திலே கடற்படைத் தளம் எழுந்ததை அறிந்த ஒரு கரையிலே, அந்தச் சீருடையை அணிவது பற்றி ஒரு குடும்பத்திலே எழும் விவாதம் சம்பளத்தைப் பற்றியது மாத்திரமாக இராது. அந்தப் பாரத்தையும் 17 வயதுத் தோளிலேயே ஏற்றி வைக்கின்றோம். அதே இளைஞன் கொழும்பிலே வசதியான வீட்டிலே பிறந்திருந்தால் அந்தக் கேள்வியே அவன் முன் எழுந்திராது.

பெண்களுக்கோ இந்தத் தெரிவுகூட இல்லை. யாழ்ப்பாணம் தந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்திலே மிக அதிகமான கோல்களை இட்டவர். அவுஸ்திரேலியக் கழகங்களிலும் ஆடியவர். அவரைப் போன்ற ஒருவரைக் காட்டி எல்லா வழியும் திறந்திருக்கின்றது என்று சொல்வது ஏமாற்று. எமது வகுப்புகளிலே நன்றாக ஆடும் மாணவிக்கு முன்னால் கழகம் வந்து நிற்பதில்லை. திருமணம் வந்து நிற்கின்றது. அல்லது ஆடைத் தொழிற்சாலையின் வாகனம் வந்து நிற்கின்றது. அவளும் படிப்பை இடையிலே விட்டு உழைக்கச் செல்கின்றாள். ஆனால் அதைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. அது ஒரு தெரிவாகவே கருதப்படுவதில்லை.

இந்நாட்டிலே கல்வி இலவசமானது 1945 இல். அது உழைக்கும் மக்கள் பெற்ற பெருஞ் செல்வம் என்பதில் ஐயமில்லை. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல் வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 16. ஆனால் உயர்தரம் முடிய 18, 19 வயதாகிவிடும். இடையிலுள்ள இரண்டு மூன்று ஆண்டுகளே எமது கேள்வியின் களம். அந்த ஆண்டுகளிலே பாடசாலைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மகன் உழைக்காததால் வீட்டிலே குறையும் வருமானத்துக்கு ஈடு செய்வாரும் இல்லை. பொருளியல் கற்கும் மாணவர் இதனை அமையச் செலவு என்பர். வசதியுள்ள வீடு இச்செலவை உணர்வதே இல்லை. வறிய வீடு அதனை நாள்தோறும் உலையிலே உணர்கின்றது. “இரண்டு ஆண்டுதானே, பொறுத்தால் என்ன?” என்று கேட்பவர், அந்த இரண்டு ஆண்டின் விலையைத் தம் கையிலிருந்து கொடுப்பவர் அல்லர்.

அப்படியாயின், விரும்பியவன் விரும்பியபோது போகட்டும் என்று நாம் சொல்கின்றோமா? இல்லை. பசியின் முன்னால் செய்யப்படும் தெரிவைச் சுதந்திரம் என்று போற்றுவதும் ஒரு வகை ஏமாற்றே. ஒப்பந்தத்திலே கையெழுத்திடும் இருவருள் ஒருவருக்கு அவகாசமும் மற்றவருக்கு அவசரமும் இருக்குமாயின், அதனைச் சமமானோர் உடன்பாடு என்று கூறலாகாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகளே இதனை ஓரளவு ஒப்புக்கொள்கின்றன. 18 வயதுக்குட்பட்ட வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதைச் சில விலக்குகள் தவிர அவை தடை செய்கின்றன. அவ்வயதினர் செய்யும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது என்கின்றன. இளைஞனின் பருவத்தை நீண்ட குத்தகைக்கு எடுப்பது தவறு என்ற எண்ணம் அவ்விதிகளிலே உண்டு. ஆனால் தடை மட்டும் போதாது. வாசலை அடைப்பது எளிது. வாசலுக்கு உள்ளே இருப்பவனுக்குச் சோறு போடுவதே கடினம்.

கல்வி என்பது ஆட்டம் கைவிட்டால் பிழைப்புக்கு ஒரு மாற்று ஏற்பாடு என்று மட்டும் கருதுவதும் குறையே. அந்தக் கணக்கிலே பார்த்தால், இந்நாட்டிலே வேலையின்றி இருக்கும் பட்டதாரிகளைக் காட்டி மாணவன் எம்மை எளிதிலே வாயடைத்துவிடுவான். கல்வியின் பயன் வேறொன்று. தன் உழைப்புக்கு விலை வைப்பவன் யார் என்று அறியவும், ஒப்பந்தத்தை வாசித்து அதிலே எழுதப்படாததைக் கேட்கவும், தன்னைப் போன்றோருடன் சேர்ந்து நிற்கவும் அது ஒருவனைத் தகுதியாக்க வேண்டும். ஹேவுட்டுக்குப் பின் வந்த வீரர் தம் பங்கைப் பெற்றது தனித்தனியே பொறுமை காத்ததால் அன்று; வழக்காடியும் சங்கம் அமைத்தும் பெற்றனர். அந்த அறிவைத் தராத பாடசாலை, மாணவனை இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருந்து என்ன செய்யப் போகின்றது?

பாடசாலைகளும் இவ்விடயத்திலே முற்றிலும் தன்னலம் அற்றவை அல்ல என்பதையும் மறத்தலாகாது. கேடயங்கள் அலுமாரியை அலங்கரிக்கின்றன. நல்ல ஆட்டக்காரன் இன்னும் ஒரு பருவம் அணியிலே இருக்க வேண்டும் என்ற ஆசை எந்தப் பாடசாலைக்கும் எழக்கூடியது. போட்டிக் காலத்திலே வகுப்பை மறந்துவிடு என்றும், போட்டி முடிந்ததும் படிப்பை விடாதே என்றும் ஒரே மாணவனுக்குச் சொல்லும் நிறுவனம், கடலுக்கப்பாலுள்ள பல்கலைக்கழகங்களைக் குறைகூறும் தகுதியைச் சிறிது இழந்துவிடுகின்றது. எனவே, ஆசிரியர் தரும் ஆலோசனைக்கும் ஓர் உரைகல் வேண்டும். இம்மாணவன் இருப்பதால் எமக்கு என்ன ஆதாயம், போவதால் எமக்கு என்ன நட்டம் என்பதைத் தள்ளி வைத்த பின்னரும் அதே ஆலோசனையைச் சொல்வோமா? சொல்வோமாயின் அது ஆலோசனை. இல்லையாயின் அது பேரம்.

ஆகவே, முந்திப் போவது சரியா தவறா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இல்லை என்பதே எமது முடிவு. ஆனால் விடையின்றி நழுவுவது எமது நோக்கமன்று. எந்த முடிவையும் சோதிக்க மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, முடிவு எடுப்பவன் உண்மையை அறிந்திருக்கின்றானா? ஒப்பந்தக் காலம், காயப்பட்டால் யார் செலவு, அணியிலிருந்து நீக்கினால் என்ன நிலை என்பவை அவனுக்கு அவன் மொழியிலே விளக்கப்பட்டனவா? இரண்டாவது, அவனது உழைப்பால் வரும் பயனிலே அவன் பங்கு என்ன? மூன்றாவது, தோற்றால் அவன் திரும்பி வரலாமா? உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத விதி இடந்தருகின்றது. ஆனால் 21 வயதிலே கால் முறிந்து ஊர் திரும்பும் இளைஞனை அமர்த்திப் பாடம் சொல்லும் மாலை வகுப்பு எத்தனை ஊர்களிலே உண்டு? திரும்பி வரும் வழி உண்டாயின், முந்திப் போவது துணிவு. அவ்வழி இல்லாத இடத்திலே அது சூதாட்டம். அந்தச் சூதாட்டத்துக்கு அவனைத் தள்ளியவர் அவனல்லர்.

இவற்றுள் எதுவும் எட்டாக் கனவன்று. ஆற்றலுள்ள மாணவ வீரருக்கு உயர்தரம் முடியும்வரை குடும்பச் சுமை குறையும் அளவுக்கு அரசு உதவித்தொகை வழங்கலாம்; புலமைக்குப் பரிசில் தரும் நாடு உடலாற்றலுக்கும் தரக்கூடியதே. மாவட்டத்து விளையாட்டுக் கழகங்கள் தம் வீரர் செய்யும் ஒப்பந்தங்களைக் கூட்டாகப் பரிசீலிக்கலாம். ஆசிரியர் சங்கங்கள் இடையிலே விலகியோருக்கு மாலை வகுப்பை நடத்தலாம். இவற்றைக் கோருவதற்கும் தொடங்குவதற்கும் மாணவரும் ஆசிரியரும் மீனவர் சங்கங்களும் ஒன்றுபட வேண்டும். எமது கரையிலே உழைப்பவர் யாவரும் பங்குக் கணக்கை அறிந்தவர். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கேட்காமல் எவரும் கடலுக்குப் போவதில்லை. அந்தக் கேள்வியைப் பந்தாடும் தம் பிள்ளைக்காகவும் கேட்கலாம்.

பொறுமை சிறந்த குணமே. ஆனால் பொறுத்திருப்பதற்குரிய வசதியை ஒரு சிலருக்கே கொடுத்துவிட்டு, பொறுமையை எல்லோரிடமும் கேட்கும் சமூகம் அறத்தைப் பேசும் உரிமையை இழக்கின்றது. 17 வயது இளைஞனிடம் “ஏன் அவசரப்படுகின்றாய்?” என்று கேட்பதற்கு முன்னர், அவனை அவசரப்படுத்துவது எது என்று நாம் கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை காணும் வேலை அவனுடையதன்று, எம்முடையது.